புது பேட் வாங்கறதுக்கு முன்னாடி அந்த 5 கிராம் ஷட்டிலைப் புரிஞ்சுக்கோங்க

நீங்க கேட்டது இதுதான். நாலு மாசமா காலையில ஆபீஸ் ஆளுங்களோட இண்டோர் கோர்ட்ல ஷட்டில் ஆடறீங்க, எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் டாஸ் (தலைக்கு மேலேர்ந்து எதிர்ப் பக்கக் கடைசி வரைக்கும் தூக்கி அனுப்பற அடி) பாதி கோர்ட்லயே விழுந்துடுது, எதிர்ல ஆடற 50 வயசுக்காரர் அலட்டிக்காம கடைசி கோடு வரைக்கும் அனுப்பறார், ஆறாயிரம் ஏழாயிரம் போட்டு நல்ல பேட் வாங்கினா இது சரியாகுமா, அப்புறம் டபுள்ஸ்ல யார் எந்தப் பக்கம் நிக்கணும்னு தினமும் சண்டை வருது அதையும் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க.

பேட் மாத்தினா சரியாகாது. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் பதினெட்டு வருஷமா ஆடறேன், கடைசி ஆறு வருஷமா பசங்களுக்கு சொல்லியும் கொடுக்கறேன், வர்றவங்கள்ல பாதிப் பேர் இதே கேள்வியோட கையில விலை ஜாஸ்தியான பேட்டையும் வாங்கிட்டுத்தான் வர்றாங்க. உங்க பிரச்சனை பேட்ல இல்ல, அந்த ஷட்டில் காத்துல என்ன பண்ணுதுங்கறது உங்க கைக்கு இன்னும் பிடிபடலை, அவ்வளவுதான். அது பிடிபட்டா ரூல்ஸ் ஏன் அப்படி வெச்சிருக்காங்க, எந்த பேட் எதுக்கு, ஏன் மே மாசம் ஷட்டில் வெளியே வெளியே போகுது எல்லாமே தானா புரிஞ்சுடும். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கறேன்.

ஒரு ஷட்டிலோட எடை 4.74 லேர்ந்து 5.50 கிராம் வரைக்கும்தான் இருக்கணும்னு விதி, 16 இறகு, அடியில கார்க். மாடியிலேர்ந்து ஒரு கல்லைப் போட்டா கீழ வர வர வேகம் கூடிக்கிட்டே போகும் இல்லையா, ஷட்டில் அப்படி இல்ல, கிட்டத்தட்ட செகண்டுக்கு 6.8 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் கிட்ட வந்ததும் அதுக்கு மேல வேகம் கூடாது, ஏன்னா அந்த வேகத்துல காத்து மேல தள்ற விசையும் அதோட எடையும் சமமாயிடுது. இப்போ கவனிங்க, காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 6.8 மீட்டர் வேகத்துல தடை அதோட எடை அளவுன்னா, பத்து மடங்கு வேகத்துல, அதாவது மேலேர்ந்து கீழ ஓங்கி அடிக்கற மணிக்கு 245 கிலோமீட்டர் ஸ்மாஷ்ல, தடை எடையை மாதிரி 100 மடங்கு. அஞ்சு கிராம் பொருளை அரைக் கிலோ விசை பின்னாடி இழுக்குது! வேற எந்த ராக்கெட் விளையாட்டுலயும் இவ்வளவு கிடையாது.

இதையே தூரக் கணக்குல போட்டா, நேரா வேகமா போற ஷட்டில் தோராயமா ஒவ்வொரு 3.3 மீட்டருக்கும் தன் வேகத்துல பாதியை இழந்துடும். நம்ம இந்திய டபுள்ஸ் பிளேயர் சாத்விக்சாய்ராஜ் 2023 ஏப்ரல்ல ஜப்பான்ல அடிச்ச கின்னஸ் ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர், டென்னிஸ்ல ஜான் இஸ்னரோட சர்வீஸ் ரெக்கார்டு 253 தான், அப்போ ரெண்டு மடங்குக்கும் மேல. ஆனா அந்த 565 பேட்டை விட்டுக் கிளம்பற நொடியில அளந்தது, நான் சொன்ன கணக்குப்படி 6.6 மீட்டர் தாண்டறதுக்குள்ள அது 140 கிட்ட வந்துடும், 10 மீட்டர்ல 70. அதனாலதான் மனுஷனால அதைத் திருப்பி எடுக்க முடியுது. டிவில ஸ்மாஷ் எடுக்கறவங்க பின்னாடி தள்ளி உக்காந்த மாதிரி நிக்கறது பயத்துல இல்ல, ஒவ்வொரு அடி பின்னாடி போனா ஷட்டில் அவ்வளவு மெதுவாகுது, அந்த கால் செகண்ட் அவங்களுக்கு வேணும்.

இப்போ உங்க டாஸுக்கு வருவோம். கிரிக்கெட் பால் தூக்கி எறிஞ்சா வில் மாதிரி வளைஞ்சு போய் விழும், ஷட்டில் அப்படிப் போகாது, சாய்வா கிட்டத்தட்ட நேர்க்கோட்டுல ஏறும், மேல போனதும் வேகமெல்லாம் செத்துப் போய், அப்புறம் செங்குத்தா கீழ விழும். பக்கவாட்டுலேர்ந்து பாத்தா முக்கோணம் மாதிரி இருக்கும். இந்த மாதிரி பறக்கற பொருளை ரெண்டு மடங்கு வேகமா அடிச்சா தூரம் ரெண்டு மடங்கு ஆகவே ஆகாது, கொஞ்சம்தான் கூடும், ஏன்னா நீங்க கூடுதலா கொடுத்த வேகத்தை முதல் ரெண்டு மூணு மீட்டர்லயே காத்து தின்னுடும். அப்போ வெறும் பலத்தைக் கூட்டிக்கிட்டே போறது வீண் வேலை. எந்த உயரத்துல, எந்த கோணத்துல, பேட்டோட முகம் நேரா இருக்கும்போது அடிக்கறீங்களாங்கறதுதான் தூரத்தை முடிவு பண்ணுது. முகம் லேசா சாஞ்சிருந்தாலே இறகைச் சீவின மாதிரி ஆகி பாதி சக்தி போயிடும், அந்த சத்தமே வேற மாதிரி இருக்கும், "டப்"புனு வராம "ஸ்ர்ர்"னு வரும். நாளைக்கு உங்க சத்தத்தையும் அந்த 50 வயசுக்காரரோட சத்தத்தையும் கேட்டுப் பாருங்க.

பெரும்பாலும் தப்பு பிடியில இருக்கும். புதுசா வர்றவங்க நூத்துக்குத் தொண்ணூறு பேர் தோசைக் கரண்டி பிடிக்கற மாதிரி, பேட்டோட முகம் தன் முகத்தைப் பாக்கற மாதிரி பிடிப்பாங்க, நெட் கிட்ட தட்டறதுக்கு அது வசதியா இருக்கும், ஆனா தலைக்கு மேல அடிக்கும்போது முன்கை திரும்பவே இடமில்லாம போயிடும். பேட்டோட விளிம்பு தரையைப் பாக்கற மாதிரி வெச்சுக்கிட்டு அதோட கை குலுக்குங்க, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு வி வடிவம் வரும், அதுதான் சரி. அப்புறம் எல்லாரும் மணிக்கட்டு மணிக்கட்டுன்னு சொல்வாங்க, உண்மையில வேகம் வர்றது மணிக்கட்டை மடக்கறதுல இல்ல, மேல்கை தோள்ல உள்பக்கமா சுழல்றதும் முன்கை உள்பக்கமா திரும்பறதும்தான், பூட்டுல சாவியைத் திருப்பற மாதிரி ஒரு அசைவு. பிடி கடைசி வரைக்கும் லூசா இருக்கணும், ஷட்டில் படற அந்த நொடியில மட்டும் விரல் இறுகணும். ஆரம்பத்துலேர்ந்தே இறுக்கிப் பிடிச்சா தசையெல்லாம் பூட்டிக்கும், கை முழுசும் ஒரு கட்டை மாதிரி வரும், நாலு கேம் ஆடினா முழங்கை வலிக்கும், உங்களுக்கு வலிக்குதுன்னா காரணம் இதுவா இருக்கலாம்.

இன்னொரு விஷயம், ஷட்டிலுக்குக் கீழ போய் நிக்கணும், கொஞ்சம் பின்னாடியே நிக்கணும். அது செங்குத்தா விழுதுன்னு சொன்னேன்ல, அதனால அது எங்க விழும்னு உங்க கண்ணு ஏமாந்துடும், முன்னாடியே நின்னு காத்துக்கிட்டு இருந்தா அது உங்க தலைக்குப் பின்னாடி இறங்கிடும், அப்புறம் முதுகை வளைச்சு அடிச்சா டாஸ் பாதியிலதான் விழும். ஸ்கூல்ல பூப்பந்து (பால் பேட்மின்டன்) ஆடிட்டு இதுக்கு வர்றவங்களுக்கும் இதே கஷ்டம் உண்டு, கம்பளிப் பந்து பந்து மாதிரியே பறக்கும், இது பறக்காது. (பூப்பந்து தஞ்சாவூர் அரச குடும்பத்துல ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க, அது அஞ்சு பேர் ஒரு பக்கம் ஆடற தனி விளையாட்டு, இறகுப்பந்தும் அதுவும் ஒண்ணுன்னு இன்னமும் நிறைய பேர் நினைக்கறாங்க.) பேட் பிடிக்காத கையை மேல தூக்கி ஷட்டிலைக் காட்டுங்க, அது ஸ்டைலுக்கு இல்ல, உடம்பு பக்கவாட்டுல திரும்ப அதுதான் உதவி பண்ணும்.

ஷட்டில் எப்பவும் கார்க் முன்னாடி இறகு பின்னாடின்னு பறக்கறதுக்குக் காரணம், எடையெல்லாம் கார்க்ல இருக்கு, காத்து பிடிக்கற இடமெல்லாம் இறகுல இருக்கு. நீங்க அடிச்ச உடனே அது குப்புறத் திரும்பி, ரெண்டு மூணு தடவை ஆடி, நேராயிடும். வேகமா போனா சட்டுனு நேராகும், மெதுவா போனா காத்தோட பிடி குறைவு, நேராக ரொம்ப நேரம் எடுக்கும். நெட் கிட்ட லேசா சீவி விட்டா ஷட்டில் உருண்டு உருண்டு விழறது இதனாலதான், எதிராளிக்கு கார்க் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. இதை சர்வீஸ்ல பண்ண ஆரம்பிச்சாங்க, ஷட்டிலைக் கையிலேர்ந்து விடும்போதே விரலால சுத்தி விட்டு அடிக்கறது, எடுக்கவே முடியலை, 2023ல உலக பேட்மின்டன் ஃபெடரேஷன் அதைத் தடை பண்ணிடுச்சு. நல்ல முடிவு. ராலி, அதாவது மாறி மாறி அடிக்கறது, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சா அது என்ன ஆட்டம்.

இறகு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும் பாத்திருப்பீங்க, அதுவும் அந்த இறகோட வளைவும் சேர்ந்து ஷட்டிலை ஃபேன் மாதிரி தன்னைத் தானே சுத்த வைக்கும். அதனால ஒரு ஷட்டில்ல 16 இறகும் பறவையோட ஒரே பக்க றெக்கையிலேர்ந்து எடுக்கறாங்க, ரெண்டு பக்கமும் கலந்தா வளைவு மாறி சுத்தாது. ஒரு இறகு உடைஞ்சாலே அது தள்ளாடற காரணமும் இதுதான், உடைஞ்ச ஷட்டிலை வெச்சு டாஸ் பழகாதீங்க.

நைலானா இறகான்னு அடுத்து கேப்பீங்க. நைலான் வேகமா அடிபடும்போது அதோட பாவாடை மாதிரி விரிஞ்ச பகுதி சுருங்கிக்கும், தடை குறைஞ்சு முதல்ல சர்ருனு போகும், திரும்பறதும் மெதுவா திரும்பும், அதுல பழகின கை இறகுல ஆடும்போது டைமிங் தப்பும். ஆனா இறகு விலை ஏறிக்கிட்டே இருக்கு, ஒரு நல்ல டபுள்ஸ் குரூப் காலையில ரெண்டு மூணு உடைச்சுடுவாங்க, ஆரம்ப ஆறு மாசத்துக்கு கார்க் அடி வெச்ச நல்ல நைலான் போதும், யோனெக்ஸ் மேவிஸ் 350 மாதிரி. அதுல வாங்கும்போது மூடி மேல பட்டை என்ன கலர்னு பாருங்க, பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. நம்ம ஊர் வெயில்ல காத்து மெலிசாகும், தடை குறையும், ஷட்டில் தூரம் போகும், அதனால சென்னை மதுரை மாதிரி ஊர்ல கோடையில பச்சை வாங்கணும், டிசம்பர்ல நீலம் சரியா இருக்கும். இறகு ஷட்டில்னா டப்பாவுல 75லேர்ந்து 79 வரைக்கும் நம்பர் போட்டிருக்கும், நம்பர் ஏற ஏற வேகம். ஊட்டியில குளிர்தானேன்னு வேகமான ஷட்டில் எடுத்துட்டுப் போனா ஏமாறுவீங்க, அங்க உயரத்தால காத்து மெலிசு, எல்லாம் வெளியே போய் விழும். நான் ஒரு டோர்னமெண்டுக்குப் போய் முதல் கேம் முழுக்க இதுல தடுமாறினவங்களைப் பாத்திருக்கேன்.

சரியான வேகமான்னு பாக்க விதியிலயே ஒரு டெஸ்ட் இருக்கு, இதை யாருமே பண்றதில்ல. கடைசிக் கோட்டு மேல நின்னு, கீழேர்ந்து மேல் நோக்கி, பக்கக் கோட்டுக்கு இணையா, முழு வீச்சுல அடிக்கணும். எதிர்ப் பக்க கடைசிக் கோட்டுக்கு 53 சென்டிமீட்டர்லேர்ந்து 99 சென்டிமீட்டர் வரைக்கும் உள்ள விழுந்தா அந்த ஷட்டில் அந்த கோர்ட்டுக்கு அன்னைக்கு சரி. நல்லா அடிக்கத் தெரிஞ்சவர் அடிக்கணும், அந்த 50 வயசுக்காரரையே அடிக்கச் சொல்லுங்க. அவர் அடிச்சும் ரொம்ப முன்னாடி விழுந்தா உங்க டாஸ் பிரச்சனையில கொஞ்சம் பங்கு ஷட்டிலுக்கும் இருக்குன்னு அர்த்தம்.

பேட் விஷயம். நீங்க வாங்கியே ஆகணும்னா எடை 4யூ, அதாவது 80லேர்ந்து 84 கிராம், தண்டு நடுத்தரமா வளையறது, பேலன்ஸ் நடுவுல இருக்கறது, அது போதும். தலை கனமா தண்டு விறைப்பா இருக்கற பேட் எல்லாம் ஏற்கனவே வேகமா வீசத் தெரிஞ்சவங்களுக்கு, மெதுவா வீசற கைக்கு அந்த விறைப்பு வளைஞ்சே கொடுக்காது, தோள்தான் போகும். எத்தனையோ பேர் பெரிய பிளேயர் பேரு போட்ட பேட்டை வாங்கிட்டு மூணே மாசத்துல பிசியோகிட்ட போனதைப் பாத்து வருத்தமா இருக்கு.

பேட்டை விட கட்டிங்தான், அதாவது பேட்ல இழுத்துக் கட்டற நரம்புதான் (கட்), முக்கியம், அதுல காசு போடுங்க. கடையில கட்டியே வர்ற கட் பெரும்பாலும் தொளதொளன்னு இருக்கும், அதை அறுத்துட்டு யோனெக்ஸ் பிஜி 65 மாதிரி 0.70 மில்லிமீட்டர் தடிமனான ஒண்ணைப் போட்டு 22லேர்ந்து 24 பவுண்டுக்குள்ள இழுக்கச் சொல்லுங்க. ப்ரோ எல்லாம் 28, 30ன்னு போடறாங்களேன்னு நீங்களும் போடாதீங்க. லூசான கட் ட்ரம்போலின் மாதிரி ஷட்டிலைத் தள்ளி விடும், கொஞ்சம் நடுவுல படலைன்னாலும் போயிடும். இறுக்கமான கட் அந்த உதவியைப் பண்ணாது, நடுவுல படலைன்னா ஷட்டில் செத்து விழும், ஆனா வேகமா வீசறவங்களுக்கு எங்க போகணும்னு துல்லியம் கிடைக்கும். உங்க டாஸ் பாதியில விழறதுக்கு யாராவது "கட் டைட் பண்ணு, பவர் வரும்"னு சொல்லியிருந்தா அது நேர் எதிர்.

ஷூ. இதுல சமரசமே கிடையாது. ரன்னிங் ஷூ போட்டு ஷட்டில் ஆடாதீங்க, அது நேரா ஓடறதுக்குச் செஞ்சது, குதிகால் உயரம், பக்கவாட்டுல தாவும்போது பாதம் அப்படியே புரண்டுடும். என்கூட ஆடினவர் ஒருத்தர் அப்படித்தான் கணுக்கால் தசைநார் கிழிஞ்சு அஞ்சு மாசம் படுத்தார், அன்னைக்கு அவர் போட்டிருந்தது ரொம்ப விலையான ரன்னிங் ஷூ. பேட் 1500 ரூபாய்ல இருக்கலாம், ஷூ மட்டும் அடியில ரப்பர் வெச்ச, தட்டையான பேட்மின்டன் ஷூவா இருக்கணும். பத்து நிமிஷம் உடம்பைச் சூடு பண்ணாம கோர்ட்ல இறங்காதீங்க, இந்த விளையாட்டுல குதிகால் தசைநாண் அறுந்து போறது சாதாரணமா நடக்குது, முக்கியமா முப்பது தாண்டினவங்களுக்கு.

இப்போ ரூல்ஸ், சண்டை வர்றதை மட்டும் சொல்றேன். கோர்ட் 44 அடி நீளம், டபுள்ஸுக்கு 20 அடி அகலம், சிங்கிள்ஸுக்கு 17. நெட் நடுவுல சரியா 5 அடி, போஸ்ட் கிட்ட ஒரு அங்குலம் கூட. 21 பாயிண்ட், 20-20 ஆச்சுன்னா ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வேணும், 29-29 ஆச்சுன்னா அடுத்த பாயிண்ட் எடுத்தவர் ஜெயிச்சார். 2006லேர்ந்து யார் சர்வீஸ் போட்டாலும் ராலி ஜெயிச்சவருக்கு பாயிண்ட், உங்க குரூப்ல பெரியவங்க யாராவது "சர்வீஸ் நம்மகிட்ட இருந்தாதான் பாயிண்ட்"னு சொன்னா அவங்க பழைய 15 பாயிண்ட் ஆட்டத்தைச் சொல்றாங்க, அவங்க காலத்துல அது சரிதான்.

சர்வீஸ் அடிக்கும்போது ஷட்டில் முழுசும் தரையிலேர்ந்து 1.15 மீட்டருக்குக் கீழ இருக்கணும், 2018க்கு முன்னாடி இடுப்புக்குக் கீழன்னு இருந்தது, நடுவருக்கு நடுவர் மாறுச்சு, இப்போ எல்லாருக்கும் ஒரே உயரம், ஆறடி ஆளுக்கும் அஞ்சடி ஆளுக்கும். நெட் 1.52 மீட்டர்ங்கறதால நீங்க கட்டாயம் மேல் நோக்கித்தான் அடிச்சாகணும், டென்னிஸ் மாதிரி சர்வீஸ்லயே பாயிண்டை அடிச்சுட்டுப் போக முடியாது, அதுக்குத்தான் இந்த விதியே. கார்க்லதான் முதல்ல படணும், அடிச்சு முடிக்கற வரைக்கும் ரெண்டு பாதமும் தரையைத் தொட்டுக்கிட்டு நகராம இருக்கணும், பேட்டை முன்னாடி கொண்டுவர ஆரம்பிச்சுட்டு நடுவுல நிறுத்தி ஏமாத்தக் கூடாது. நெட்ல உரசிட்டு சரியான கட்டத்துல விழுந்தா அது நல்ல சர்வீஸ், திரும்பப் போடறதெல்லாம் கிடையாது. சிங்கிள்ஸ்ல சர்வீஸ் கட்டம் நீளமா ஒல்லியா, டபுள்ஸ்ல குட்டையா அகலமா இருக்கும், அந்த பின்பக்க உள் கோடு டபுள்ஸ் சர்வீஸுக்கு மட்டும்தான், சர்வீஸ் முடிஞ்சு ராலி ஆரம்பிச்சதும் அதை மறந்துடுங்க, ராலியில கடைசிக் கோடு வரைக்கும் இன். கோட்டு மேல பட்டாலும் இன்.

டபுள்ஸ்ல யார் எங்க நிக்கறது? ரெண்டே வரி. சர்வீஸ் போடற அணியோட ஸ்கோர் இரட்டைப்படைன்னா வலது கட்டத்துலேர்ந்து, ஒத்தைப்படைன்னா இடது கட்டத்துலேர்ந்து. தன் சர்வீஸ்ல பாயிண்ட் எடுத்த அணி மட்டும்தான் இடம் மாறணும், வேற எப்பவும் யாரும் மாறக் கூடாது. லவ் ஆல்ல, அதாவது 0-0ல, நீங்க வலதுலேர்ந்து போடறீங்க, பாயிண்ட் வந்தா 1-0, நீங்க இடது பக்கம் மாறி மறுபடி நீங்களே போடுவீங்க, எதிரணி நின்ன இடத்துலயே நிக்கும். இதைத் தோத்தா 1-1, அவங்க ஸ்கோர் ஒத்தை, அவங்கள்ல இடது பக்கம் நிக்கறவர் போடுவார், நீங்க அசையக் கூடாது. இப்போ நீங்க ஜெயிச்சா 2-1, உங்க ஸ்கோர் இரட்டை, அப்போ வலது கட்டத்துல யார் நிக்கறாங்களோ அவர், அதாவது உங்க பார்ட்னர், சர்வீஸ் போடுவார். சர்வீஸ் மாறும்போது இடத்தையும் மாத்திடறதுதான் எல்லா குரூப்லயும் நடக்கற தப்பு.

மிச்சம் சின்னது. ராலியில பேட்டோ உடம்போ நெட்டைத் தொட்டா ஃபால்ட், பாயிண்ட் எதிரணிக்கு. ஷட்டில் உங்க பக்கம் வர்றதுக்கு முன்னாடி நெட்டுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி அடிச்சா ஃபால்ட், ஆனா உங்க பக்கத்துல அடிச்சுட்டு வீச்சோட பேட் அந்தப் பக்கம் போனா தப்பில்ல. சட்டையில பட்டாலும் ஃபால்ட், அதை நாமளே ஒத்துக்கிட்டு கையைத் தூக்கணும், பட்டது நமக்குத்தான் தெரியும். ராலியில ஷட்டில் நெட் மேலயே உக்காந்துட்டா லெட், அந்த பாயிண்டைத் திரும்ப ஆடணும், சர்வீஸ்ல அப்படி ஆச்சுன்னா ஃபால்ட்.

ரெண்டு வாரத்துக்கு கேம் ஆடறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் தள்ளி வெச்சுக்கோங்க, பாயிண்ட் எண்ணாம ரெண்டு பேர் கடைசிக் கோட்டுல நின்னு டாஸ் மட்டும் அடிச்சுக்கணும், பிடி லூசு, முகம் நேரா, ஷட்டில் தலைக்குக் கொஞ்சம் முன்னாடி மேல, அவ்வளவுதான் மனசுல இருக்கணும். முடிஞ்சா ஒரு நாள் பக்கவாட்டுலேர்ந்து போன்ல வீடியோ எடுத்துப் போடுங்க, எந்த உயரத்துல அடிக்கறீங்கன்னு பாத்துட்டு மிச்சத்தைச் சொல்றேன்.